எய்ம் இருக்கிறது, ரேங்க் ஏறவில்லை: கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் அடுத்து என்ன செய்வது?

படிக்கட்டுச்சுவர்

எல்லோருக்கும் வணக்கம். பிரீமியர் (புள்ளி எண்ணால் ரேங்க் காட்டும் போட்டி முறை) ஆடுகிறேன். எட்டு மாதமாக 13,000-க்கும் 14,900-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். 15,000 தாண்டினால் எண் ஊதா நிறமாகும். அந்த நிறத்தை என் பெயருக்குப் பக்கத்தில் இதுவரை பார்த்ததில்லை. இன்னும் ஒரே ஒரு வெற்றி என்ற இடத்துக்கு வந்துவிட்டு, வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்ற அனுபவமும் உண்டு.

தினமும் அரை மணி நேரம் எய்ம் லேப் (குறி பார்த்துச் சுடப் பழகும் செயலி), அப்புறம் இருபது நிமிடம் டெத்மேட்ச். டெத்மேட்சில் பெரும்பாலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடுவேன். நிஜ ஆட்டத்தில் மட்டும் 11 கொலை, 17 சாவு. தலை மட்டத்தில் குறி வை, ஓடிக்கொண்டே சுடாதே என்று சொல்லும் ஆரம்பநிலை வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலிவால்

முதலில் மவுஸ் சென்ஸ் (மவுஸை நகர்த்தினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) என்ன? மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144-இல் அது 6.9, 240-இல் 4.2. 60-இல் இருந்து 144-க்கு மாறினால் கண்ணுக்கே தெரியும். 144-இல் இருந்து 240-க்கு மாறுவது அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை.

படிக்கட்டுச்சுவர்

144 ஹெர்ட்ஸ்தான். 800 டிபிஐ, சென்ஸ் 1.0. ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். ஒன்றரை வருடமாக மாற்றவில்லை.

எலிவால்

அப்படியென்றால் அதில் கை வைக்க வேண்டாம். பலர் வாரத்துக்கு ஒரு சென்ஸ் மாற்றியே காலத்தை ஓட்டுகிறார்கள். (நானும் அந்தக் கூட்டம்தான்.)

பழையகத்தி

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. டெத்மேட்சில் முதல் மூன்று இடம், ஆட்டத்தில் 11க்கு 17. இரண்டிலும் அதே கை, அதே மவுஸ். டெத்மேட்சில் செத்தால் அடுத்த நொடி எழுந்துவிடலாம், எங்கே நின்று சாகிறோம் என்பதற்கு விலை கிடையாது. ஆட்டத்தில் அதற்குத்தான் விலை.

ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாகத் தோற்ற மூன்று ஆட்டங்களின் டெமோவை, அதாவது ஆட்டப் பதிவை, இறக்குங்கள். முழுதாகப் பார்க்க வேண்டாம், தூக்கம்தான் வரும். உங்கள் ஒவ்வொரு சாவுக்கும் போய், அதற்கு 15 விநாடி முன்னாலிருந்து பாருங்கள். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், ஒரு தோட்டாகூடச் சுடாமல் செத்தது. இரண்டாவதில், ஒரே சமயத்தில் இரண்டு பக்கத்திலிருந்தோ இரண்டு பேரிடமோ மாட்டியது. மூன்றாவதில், ஒண்டிக்கு ஒண்டி நின்று, சுட்டு, குறி தப்பிச் செத்தது.

எய்ம் லேப் சரிசெய்வது அந்த மூன்றாவது பத்தியை மட்டும்தான். எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள். அதற்கு முன் யார் என்ன யோசனை சொன்னாலும் அது உங்கள் வியாதிக்கு அவர்கள் சாப்பிட்ட மாத்திரை.

ஒற்றைத்தோட்டா

இது மேல்நிலைக்காரர்கள் சொல்லும் வழக்கமான கதை. 20 ஆயிரத்துக்குக் கீழே எய்ம்தான் எல்லாம். நல்ல எய்ம் உள்ள ஒருவனை 14 ஆயிரத்தில் விட்டால், எங்கே நின்றாலும் மூன்று பேரை எடுப்பான். பொசிஷன், டைமிங் என்று பேசுவதெல்லாம் குறி தப்புகிறவர்கள் மனசைத் தேற்றிக்கொள்வது.

பழையகத்தி

பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த 'நல்ல எய்ம்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? நீங்கள் சொல்லும் ஆள் மூலையைத் திரும்பும்போது அவன் கிராஸ்ஹேர் (திரை நடுவில் உள்ள குறி) ஏற்கெனவே தலை வரப்போகும் இடத்தில் இருக்கும். அவன் மவுஸை நகர்த்துவதே கொஞ்சம்தான். பார்க்கிற நமக்கு அது எய்ம். அவனுக்கு அது மேப் ஞானம்.

சமதளத்தில் எதிரியின் தலை உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும் என்பதை எல்லோரும் படித்திருப்பார்கள். படிக்காதது, மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பது. பெரும்பாலானவர்கள் சுவரின் ஓரத்தை ஒட்டியே குறி வைக்கிறார்கள். எதிரி ஓடி வந்து அகலமாகப் பாய்ந்தால், நீங்கள் பார்த்துச் சுடுவதற்குள் அவன் கிராஸ்ஹேரைத் தாண்டிப் போயிருப்பான். மனிதக் கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. ஏகே ரைபிள் பிடித்து ஓடுபவன் விநாடிக்கு 215 யூனிட் நகர்கிறான், கால் விநாடியில் 50-க்கும் மேல். மூலையை ஒட்டி வைத்த குறி அவன் விட்டுப்போன காற்றைத்தான் சுடும். எட்டிப் பார்த்து ஒளிகிறவனா, பாய்ந்து வருகிறவனா என்று முதல் இரண்டு ரவுண்டில் கவனித்து, அதற்கேற்ப இடைவெளி விடுங்கள்.

நாரை_இரவு

இதோடு இன்னொன்றும் உண்டு. மூலையில் காத்திருப்பவனுக்குத்தான் சாதகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெளியே வருகிறவனுக்கு ஒரு சின்ன முன்தொகை எப்போதும் உண்டு. அவன் வெளியே வந்ததும் அவன் திரையில் நீங்கள் தெரிந்துவிடுவீர்கள். உங்கள் திரையில் அவன் தெரிய, அவன் நகர்வு சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வர வேண்டும். இருவருக்கும் பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) 40 மில்லி விநாடி என்றால் போக 20, வர 20. அப்புறம் நகர்வைத் துள்ளாமல் காட்டுவதற்காக உங்கள் கணினி வைக்கும் சிறு தாமதம் தனி. இதற்காக நெட்டைத் திட்டிப் பயனில்லை, ஆன்லைன் ஆட்டத்தின் இயல்பே இது.

இதை ஈடுகட்ட, சுவரிலிருந்து தள்ளி நில்லுங்கள். மூலைக்கு ஒட்டி நிற்பவனின் தோள்பட்டை, அவன் கண் எதையும் பார்ப்பதற்கு முன்பே தூரத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நண்பரோடு காலி சர்வரில் போய்ப் பாருங்கள். ஒருவர் மூலையிலிருந்து இரண்டடி, மற்றவர் இருபதடி. மெல்ல மெல்ல நகருங்கள். முதலில் 'தெரியுது' என்று சொல்வது எப்போதும் தள்ளி நிற்பவர்தான். நான் 900 மணி நேரம் ஆடிய பிறகுதான் இதைச் செய்து பார்த்தேன். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஒற்றைத்தோட்டா

சரி, தோள்பட்டை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் எய்ம் எய்ம்தான்.

படிக்கட்டுச்சுவர் (4 நாள் கழித்து)

எண்ணிவிட்டேன். மூன்று ஆட்டம், 49 சாவு.

ஒரு தோட்டாகூடச் சுடாதது 22. இரண்டு பக்கம் மாட்டியது 13. நேருக்கு நேர் சுட்டுத் தோற்றது 14. அந்த 14-இலும் நாலைந்தில் நான் முழுதாக நிற்காமலே சுட்டிருக்கிறேன். டெமோவில் கால் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பது தெரிகிறது. அதாவது தினமும் அரை மணி நேரம் எதற்குப் பயிற்சி எடுத்தேனோ, அது என் சாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பழையகத்தி அண்ணா சொல்லாத ஒன்றையும் எண்ணினேன். சாகும்போது கையில் இருந்த எறிகுண்டுகள். 49 சாவில் 31 முறை குறைந்தது ஒரு ஸ்மோக்கோ (புகைக்குண்டு) பிளாஷோ (கண்ணைக் கூசவைக்கும் குண்டு) மிச்சம். வாங்கி, சுமந்து, அப்படியே தரையில் போட்டுவிட்டுச் செத்திருக்கிறேன்.

ஒரு ரவுண்டை மட்டும் விவரமாக எழுதுகிறேன், திட்டாமல் படியுங்கள். மிராஜ் மேப், 10-10, நாங்கள் சிடி, அதாவது டெரரிஸ்ட்கள் வெடிகுண்டு வைக்காமல் தடுக்கும் பக்கம். நான் ஏ சைட்டில் (வெடிகுண்டு வைக்கக்கூடிய ஏ, பி என்ற இரண்டு இடங்களில் ஒன்று) ஸ்டெயர்ஸில் நின்று, டெரரிஸ்ட்கள் வரும் வழியான ராம்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எம்4, கவசம், ஒரு ஸ்மோக், ஒரு பிளாஷ். கடிகாரத்தில் 1:20. ராம்ப்பில் ஒருவன் எட்டிப் பார்த்தான், சுட்டேன், உடம்பில் இரண்டு தோட்டா பட்டு ஒளிந்தான். அதே நேரம், மேப்பின் நடுப்பகுதியான மிட்டை ஏ சைட்டோடு இணைக்கும் கனெக்டரில் இருந்த எங்கள் ஆள் செத்தான், 'மிட்ல ரெண்டு பேர்' என்று சொல்லிவிட்டுத்தான் செத்தான். ராம்ப்காரனுக்கு உயிர் கொஞ்சம்தான் இருக்கும், முடித்துவிடலாம் என்று அதே இடத்திலிருந்து மறுபடி எட்டிப் பார்த்தேன். ஆவ்ப் ஸ்னைப்பர் துப்பாக்கி. ஒரே குண்டு. அவன் பக்கத்தில் ஆவ்ப் இருந்ததே எனக்குத் தெரியாது. ஏழு விநாடியில் ஏ சைட் காலி.

நாரை_இரவு

திட்டவில்லை. எல்லோரும் இப்படித்தான் சாகிறோம். ஆனால் இந்த ஏழு விநாடியில் மூன்று முடிவு இருக்கிறது, மூன்றையும் நீங்கள் எடுக்கவே இல்லை, அவை தாமாக நடந்துவிட்டன.

முதலாவது, சுட்ட பிறகு அதே இடத்தில் நின்றது. நீங்கள் அங்கே இருப்பது இப்போது அந்த அணிக்கே தெரியும். அவர்கள் கிராஸ்ஹேரை உங்கள் தலைக்கு வைத்துக் காத்திருப்பார்கள். ஒருமுறை சுட்ட மூலையிலிருந்து மறுபடி எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். பிளாஷ் போட்டிருக்க வேண்டும், அல்லது வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும், அல்லது அவர்கள் கவனம் வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் எட்டிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். கனெக்டர் போன அந்த நொடியிலேயே ஸ்டெயர்ஸ் செத்த இடம். கனெக்டர் வந்து திறப்பது உங்கள் முதுகில். ஆவ்ப் உங்களைத் தவறவிட்டிருந்தாலும் ஐந்தாறு விநாடியில் பின்னாலிருந்து போயிருப்பீர்கள். அது உங்கள் தாளில் இரண்டாவது பத்தியில் விழுந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். டீம்மேட் சாவதை வெறும் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேப்பில் ஒரு கதவு திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது செத்தால் முதல் கேள்வி 'எங்கிருந்து எனக்குப் புதிதாகத் தோட்டா வரலாம்?' என்பதாக இருக்கட்டும். கில்ஃபீடில் (யார் யாரைக் கொன்றார் என்று திரையோரம் வரும் பட்டியல்) அவன் பெயர் மறைவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, பையில் இருந்த ஸ்மோக். ராம்ப் வாயில் அதைப் போட்டுவிட்டு, சிடி பக்கம் இருக்கும் டிக்கெட் என்ற இடத்துக்குப் பின்வாங்கியிருந்தால், அவர்கள் புகை கலையும்வரை நின்றிருப்பார்கள், அல்லது கண்ணைக் கட்டிக்கொண்டு புகைக்குள் வந்திருப்பார்கள். இரண்டுமே உங்களுக்கு லாபம். பி-யிலிருந்து உங்கள் ஆட்கள் வந்து சேர அந்த நேரம் போதும். ஒருவரையும் கொல்லாமல் அந்த ரவுண்டை நீங்கள் ஜெயித்திருக்கலாம்.

ஒற்றைத்தோட்டா

இதை வாசிக்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நேற்று இதே ஸ்டெயர்ஸில் இதே மாதிரி நாலு முறை செத்தேன்.

எலிவால்

நாலு முறையும் எய்ம் எய்ம்தானா?

ஒற்றைத்தோட்டா

போதும்.

பழையகத்தி

நாரை நன்றாகச் சொல்லிவிட்டார். சிடியாக இருக்கும்போது சைட்டைக் 'காப்பது' என்ற சொல்லே ஆளைக் கெடுக்கிறது. உயிரைக் கொடுத்தாவது அங்கேயே நிற்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நீங்கள் வாங்குவது நேரம். ஒரு ரவுண்ட் 1 நிமிடம் 55 விநாடி. அவர்கள் சைட்டுக்குள் நுழைய 40 விநாடி மிச்சம் என்ற நிலைக்குத் தள்ளிவிட்டால், அவசரத்தில் அவர்களே தவறு செய்வார்கள்.

அவர்கள் வெடிகுண்டு வைத்துவிட்டாலும் கணக்கு உங்கள் கையில்தான். வெடிக்க 40 விநாடி. கிட் (குண்டைச் செயலிழக்க வைக்கும் கருவி) இருந்தால் 5 விநாடியில் எடுக்கலாம், இல்லையென்றால் 10. சைட்டைத் திரும்பப் பிடிக்கும் ரீடேக்குக்கு ஒவ்வொருவராக ஓடிப்போய்ச் சாகாமல், மூன்று பேர் சேரும்வரை பத்துப் பன்னிரண்டு விநாடி காத்திருக்க நேரம் இருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் பலருக்கு வருவதில்லை, கை பரபரக்கும். இதையே டெரரிஸ்ட் பக்கமிருந்து பாருங்கள். 10 விநாடிக்குக் கீழே போனபின் கிட் இல்லாதவனால் எடுக்கவே முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் எட்டிப் பார்த்து வீரம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. 1,200 மணி நேரம் ஆடியவர்கள்கூட ஜெயித்த ரவுண்டை இங்கேதான் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

படிக்கட்டுச்சுவர்

ஒரு சந்தேகம். நிற்காமல் சுட்டது நாலைந்து என்று சொன்னேனே, அதற்கு எதிர்விசை (ஓடும் திசைக்கு எதிர்ப்பக்க விசை) அழுத்தி நிற்கப் பழகுகிறேன். இப்போது சில கீபோர்டுகள் அதைத் தானாகவே செய்கின்றன என்கிறார்களே, வாங்கலாமா?

எலிவால்

வேண்டாம். 2024 ஜூலையில் ரேசர் ஸ்னாப் டாப் கொண்டுவந்தது. ஏ-வை அழுத்தியபடியே டி-யை அழுத்தினால் கடைசியாக அழுத்தியது மட்டும் கணக்கில் வரும். அடுத்த மாதமே வால்வ் அதற்குத் தடை போட்டது. அதிகாரபூர்வ சர்வரில் அப்படி நகர்ந்தால் ஆட்டத்திலிருந்து தூக்கிவிடும். ஒரே விசையில் குதித்தபடி குண்டு எறியும் பைண்ட் போன்றவற்றையும் அதோடு நிறுத்தினார்கள்.

கையால் பழகுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. முழு வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்தாலே குறி நேராகிவிடும், முழுதாக நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. வலப்பக்கம் ஓடும்போது டி-யை விட்டு, ஏ-யை ஒரு தட்டு, உடனே சுடு. காலி சர்வரில் ஒரு சுவருக்கு எதிரே நின்று, ஒரு பக்கம் நகர்ந்து, நின்று, ஒரே ஒரு தோட்டா. சுவரில் விழுந்த ஓட்டை கிராஸ்ஹேருக்கு நேராக இருந்தால் சரி. தள்ளி விழுந்தால் நீ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாய். பத்து நிமிடம் செய்தால் காதே சொல்லிவிடும், காலடிச் சத்தம் நிற்பதும் துப்பாக்கிச் சத்தமும் ஒரு தாளத்தில் சேரும்.

கணக்குப்பிள்ளை

யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. 14 ஆயிரத்தில் பாதி ஆட்டம், ரவுண்ட் தொடக்கத்தில் ஆயுதம் வாங்கும் கடையில்தான் தோற்கிறது.

தொடர்ந்து தோற்றால் வரும் பணம் 1,400-இல் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் 500 கூடி, 3,400-இல் நிற்கும். நடுவில் ஒரு ரவுண்ட் ஜெயித்தால் அது ஒரு படிதான் இறங்கும், முதலுக்குப் போகாது. இதை மனசில் வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ரவுண்ட் தோற்றால் அடுத்த ரவுண்டில் ஐந்து பேரும் முழுதாக வாங்க முடியுமா? முடியும் என்றால் இப்போது தாராளமாகச் செலவு செய்யலாம். முடியாது என்றால் ஐந்து பேரும் சேர்ந்து மிச்சம் பிடியுங்கள், அல்லது ஐந்து பேரும் சேர்ந்து வாங்குங்கள். இரண்டு பேர் துப்பாக்கியோடும் மூன்று பேர் பிஸ்டலோடும் போவதுதான் இருப்பதிலேயே மோசம். அந்த இரண்டு துப்பாக்கியும் எதிரி கைக்குப் போய்ச் சேரும்.

கொலைக்கு வரும் பணமும் ஒன்றுபோல இல்லை. ரைபிளுக்கு 300. எம்பி9, மேக்-10 போன்ற எஸ்எம்ஜி-க்கு (சிறு இயந்திரத் துப்பாக்கி) 600. ஆவ்ப்புக்கு வெறும் 100. பிஸ்டலோடு மிச்சம் பிடிக்கும் எதிரிக்கு எதிராக மேக்-10 எடுத்தால் இரண்டு கொலையில் 1,200.

சிடி ஆட்களுக்கு ஒரு சின்னச் சேதி. எதிரணி ஐந்து பேரும் ஏகே வாங்கியிருக்கிறார்கள், உங்களிடம் பணம் இழுபறி என்றால் ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள். ஏகே தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் ஒரே குண்டுதான். வெறும் கவசம் 650, ஹெல்மெட்டோடு 1,000. அந்த 350-க்கு ஒரு ஸ்மோக் வரும். எதிரி பிஸ்டலோ மேக்-10-ஓ வைத்திருந்தால் மட்டும் இந்தக் கஞ்சத்தனம் கூடாது, அங்கே ஹெல்மெட் உயிரைக் காக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. டெரரிஸ்ட்டாக இருந்து, வெடிகுண்டு வைக்காமல் நேரம் முடிந்து ரவுண்ட் தோற்றால், உயிரோடு ஒளிந்திருந்தவனுக்குத் தோல்விப் பணம் ஒரு பைசா வராது. துப்பாக்கியைக் காப்பாற்றினேன் என்று சந்தோஷப்படுவார்கள், அடுத்த ரவுண்டில் கவசம் வாங்கப் பணம் இருக்காது.

வாலரண்ட்வாசி

நான் இங்கே வெளியாள், வாலரண்ட் ஆடுகிறவன். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

நாரை_இரவு

இரண்டும் ஆடுகிறேன், அதனால் சொல்கிறேன். சுவரிலிருந்து தள்ளி நிற்பது, டீம்மேட் செத்தால் திறக்கும் கதவு, ஒரே மூலையில் மறுபடி எட்டிப் பார்க்காதது எல்லாம் அப்படியே பொருந்தும். சென்ஸை மாற்ற சிஎஸ் எண்ணை 3.18-ஆல் வகுத்தால் போதும், கை அதே தூரம் நகரும்.

மாறுவது ஸ்ப்ரே, அதாவது விடாமல் நீளமாகச் சுடுவது. சிஎஸ்-இல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குண்டு போகும் பாதை பெரும்பாலும் ஒன்றே, மனப்பாடம் செய்யலாம். வாலரண்டில் மேலே ஏறுவது ஒழுங்காக இருக்கும், பக்கவாட்டில் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் அங்கே நீளமாகச் சுடுவதை நம்ப வேண்டாம், மூன்று நாலு குண்டாகப் பிரித்துச் சுடுங்கள். வேண்டலா பாண்டமா (அங்கே உள்ள இரண்டு ரைபிள்கள்) என்று அடித்துக்கொள்பவர்களுக்கு: 15 மீட்டருக்கு மேல் பாண்டம் ஒரே தலைக்குண்டில் 150 உயிரை எடுக்காது, வேண்டல் எவ்வளவு தூரமானாலும் எடுக்கும்.

அப்புறம் ஸ்பைக், வாலரண்டின் வெடிகுண்டு. வெடிக்க 45 விநாடி, எடுக்க 7. பாதி எடுத்துவிட்டு விட்டால் அந்தப் பாதி கணக்கில் நிற்கும். சிஎஸ்-இல் அப்படி இல்லை, விட்டால் முதலிலிருந்து. அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் பாதி எடுத்துவிட்டு எழுந்து சண்டை போட்டுவிட்டு, திரும்பி வந்து திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மைக்கில்லாதவன்

எல்லாம் சரி. டீம்மேட்கள் கத்தும்போது என்ன செய்வது? நேற்று ஒருவன் முதல் ரவுண்டிலிருந்து கடைசிவரை நான் செத்த பிறகெல்லாம் எனக்கு வகுப்பெடுத்தான். மனசு உடைந்து கடைசி ஆறு ரவுண்டும் கை நடுங்கியது.

பழையகத்தி

மியூட். பதில் சொல்லாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள், நீங்கள் நியாயம்தான் என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் மட்டும் பேசிக்கொண்டே இருங்கள், அதுவும் மூன்று விஷயம்தான்: எத்தனை பேர், எங்கே, எவ்வளவு அடிபட்டான். 'ராம்ப் ஒருத்தன், நல்லா அடிபட்டான்.' அவ்வளவு போதும். செத்த பிறகு 'எப்படிடா அவன் என்னைப் பார்த்தான்' என்று புலம்பும் அந்த நாலு விநாடியில்தான் உங்கள் ஆள் காலடிச் சத்தத்தைக் கேட்க முடியாமல் சாகிறான்.

இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் எழுந்துவிடுங்கள். இதை நான் சொல்கிறேனே தவிர, நேற்று இரவு நானே நாலு தோற்றேன்.

படிக்கட்டுச்சுவர் (ஒரு மாதம் கழித்து)

மன்னிக்கவும், கொஞ்ச நாள் காணாமல் போய்விட்டேன். என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எய்ம் லேப்பை நிறுத்திவிட்டேன். அந்த அரை மணி நேரத்தில் பாதி, பிராக்டிஸ் மோடில் மிராஜுக்கும் இன்ஃபெர்னோவுக்கும் ஸ்மோக் பழகுவது. குண்டு விழும் இடத்தைக் காட்டும் சின்ன ஜன்னல் அதிலேயே வருகிறது, அதனால் சீக்கிரம் பிடிபட்டது. இருபது ஸ்மோக் கற்றுக்கொள்ளவில்லை, ஆறுதான். ஆனால் ஆறையும் யோசிக்காமல் போட முடிகிறது. மீதிப் பாதி, முந்தின நாள் சாவுகளைப் பார்ப்பது.

மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன். 'எதுவும் மாறவில்லை என்றால் எட்டிப் பார்க்காதே.' முதல் வாரம் அதைப் படித்துக்கொண்டே எட்டிப் பார்த்துச் செத்தேன். இரண்டாவது வாரம் எட்டிப் பார்த்த பிறகு ஞாபகம் வந்தது. மூன்றாவது வாரத்தில்தான் கை நின்றது.

போன வாரம் 15,312. ஊதா! படம் பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த நாளே இரண்டு தோற்று 14,870. இருந்தாலும் புதிதாக மூன்று ஆட்டம் எண்ணிப் பார்த்தேன். சுடாமல் செத்தது 22-இல் இருந்து 11. மிச்சக் குண்டோடு செத்தது 31-இல் இருந்து 9. விநோதம் என்னவென்றால், நேருக்கு நேர் சுட்டுத் தோற்றது 14-இல் இருந்து 19 ஆகியிருக்கிறது. ஒற்றைத்தோட்டா, உங்கள் முறை வந்துவிட்டது.

ஒற்றைத்தோட்டா

வாருங்கள் வாருங்கள். இத்தனை நாள் காத்திருந்தேன். அந்த 19-ஐ தூரமாகப் பிரியுங்கள். கிட்டத்தில் எத்தனை, நடுவில் எத்தனை, தொலைவில் எத்தனை? கிட்டத்தில் தோற்றால் ஸ்ப்ரே, தொலைவில் தோற்றால் பொறுமை. தூரத்தில் இருப்பவனை ஏகே-யால் நீளமாகச் சுடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே இரண்டு குண்டு, ஒரு அடி நகர்வு, மறுபடி இரண்டு குண்டு.

படிக்கட்டுச்சுவர்

கிட்டத்தில் 12. இன்னொரு புதுத் தலைவலியும் இருக்கிறது. நான் பின்வாங்கினால் டீம்மேட்கள் 'சைட்டை விட்டு ஓடுறான்' என்று கத்துகிறார்கள்.

நாரை_இரவு

பின்வாங்கின பிறகு சொல்கிறீர்களா, பின்வாங்கும்போதே சொல்கிறீர்களா? 'கனெக்டர் போச்சு, டிக்கெட்டுக்கு வர்றேன், பி-ல இருந்து ஒருத்தர் வாங்க' என்று கால் நகரும்போதே வாயும் நகர வேண்டும். சொல்லாமல் போனால் ஓட்டம்தான், அவர்கள் மேல் தப்பில்லை.

படிக்கட்டுச்சுவர்

சொல்லவில்லை. இனி சொல்கிறேன். மிராஜில் இது புரிகிறது. ஆனால் நியூக் மேப்பில் எங்கே பின்வாங்குவது என்றே தெரியவில்லை, காலடிச் சத்தம் மேலேயா கீழேயா என்றும் பிடிபடவில்லை.

பழையகத்தி

நியூக்கா. அதற்குத் தனி இழை போடுங்கள் தம்பி, இங்கே இடம் போதாது.